வெள்ளைக் கொய்யா

கோதண்டம் கடித்த கொய்யாவில் பல் பதிந்த இடமெல்லாம் சிவந்திருக்கும். "நம்ம மரம் ஒரு பக்கம் செவப்பாக் காய்க்குது பாரு," என்று மனைவியிடம் சிரிப்பார். தில்லைநாயகி கத்தியால் அரிந்து தின்னும் துண்டுகள் மட்டும் எப்போதும் வெள்ளை.

மாரடைப்பில் அவர் போன பிறகு மருத்துவர் கேட்டார்: "ஈறு வீங்கி ரத்தம் கசிஞ்சுதாம்மா? வயசான உடம்புல அந்த அழற்சி அணையாமக் கனன்னுகிட்டே இருக்கும். இதயக் குழாயையும் மெல்லக் கெடுத்துரும்."

காரியம் முடிந்த மறுநாள், அவர் நினைவில் முழுப்பழத்தைப் பறித்து அப்படியே கடித்தாள். வாய் உப்புக் கரித்தது.

"என்னம்மா, பழம் செவந்திருக்கு?" என்றாள் மகள்.

தில்லைநாயகி பழத்தை முந்தானைக்குள் மறைத்தாள். "நம்ம மரம் ஒரு பக்கம் செவப்பாக் காய்க்கும்டி," என்றாள், அவரைப் போலவே சிரித்து.