முந்நூறு வால்கள்

ஒரு கம்ப்யூட்டருக்குள்ளே, சொன்ன வேலையைச் செய்து முடிக்கும் குட்டி புரோகிராம் ஒன்று, ஸ்கிரிப்ட் என்ற பேரில் குடியிருந்தது. பரீட்சைக்குப் படிக்கிற முதலாளி அம்பலவாணன் அதைக் கூப்பிட்டு, “பேருக்குப் பின்னால பி.டி.எஃப்னு வால் இருக்கிற பழைய கேள்வித்தாளையெல்லாம் பரீட்சை வெப்சைட்டிலிருந்து தூக்கிட்டு வா. வெறுங்கையோட வந்தே, அழிச்சிடுவேன்” என்றார்.

ஓடிய ஓட்டத்தில் முந்நூறைக் கொண்டுவந்து ஃபோல்டரில் கொட்டியது ஸ்கிரிப்ட்.

“ஏய், ஒண்ணையாவது பிரிச்சுப் பார்த்தியா?” என்றது ஃபோல்டர்.

“வாலைப் பார்த்தேன்க்கா. முகத்தை யாரு பார்த்தா?”

ஃபோல்டர் பிரித்துப் பார்த்தது. முந்நூறிலும் கேள்விக்குப் பதிலாக, வெப்சைட் வாசலைக் காக்கும் வாட்ச்மேன் ஒரே வரியைத்தான் எழுதியிருந்தான்: ‘இப்படி ஓடி வராதே, அப்புறம் வா.’

ஸ்கிரிப்டுக்கு வேர்த்துக் கொட்டியது. “அக்கா, சொல்லிடாதே!”

முதலாளி வந்து எண்ணிக்கையைப் பார்த்தார். “முந்நூறா! அப்பாடா, பாதி படிச்ச மாதிரி” என்று டீ குடிக்கப் போய்விட்டார்.

பரீட்சையும் வந்து போனது. ஃபோல்டர் வாயைத் திறக்கவே இல்லை. அவரும் ஃபோல்டரைத் திறக்கவே இல்லை.