நாலு மணி நடை

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், மனித உடம்பைப் பேணும் இரகசியம் 1958ஆம் ஆண்டு ஆனி மாதம், இலங்கையின் அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில், காலை ஆறு மணிக்கு உலகுக்கு வெளியிடப்பட்டது. கண்டுபிடித்தவர் தோட்டத்து டொக்டரையா பத்திநாதன். கண்டுபிடிக்கப்பட்டவன் ஆண்டியப்பன்.

மாதம் ஒருமுறை தோட்டத்தைப் பார்வையிட வரும் துரையின் முன்னால் ஆண்டியப்பன் தூறலில் நின்றான். இடுப்பு மடிப்பில் ஒரு மனு இருந்தது.

மார்கழி மழையில் மலை சரிந்து அவன் இருந்த லயத்து வரிசை வீடுகளை மூடிவிட்டது. அன்றிலிருந்து மனைவி நாகலெட்சுமியோடு சக தொழிலாளி செல்லசாமியின் ஒற்றை அறைக் காம்பராவில் ஒண்டியிருந்தான். அவளுக்கு அடுத்த மாதம் பிரசவம். அதற்குள் தனியாக ஒரு காம்பரா வேண்டும். முன்பு கொடுத்த இரண்டு மனுக்களிலும் டொக்டரையா ஒரே வரியைத்தான் எழுதியிருந்தார்: ‘ஆள் திடகாத்திரம். அவசரமில்லை.’

“துரை அவர்களே,” என்று டொக்டரையா தொண்டையைச் செருமினார். “வீடு போனவனெல்லாம் கசிப்புச் சாராயத்துல விழுந்தான். இவன் மட்டும் ஒழுக்கத்துல எழுந்தான். தினமும் நாலு மணிக்கு எழும்புறான். மூணு மைல் நடக்கிறான். ஆத்துல குளிக்கிறான். ராத்திரி ஏழு மணிக்கெல்லாம் படுக்கை. ஆறு மாசமா இதே பழக்கம். போன வாரம் காய்ச்சல் அடிச்சப்பகூட நடையை நிறுத்தல.”

“நடந்து நடந்தே மலையைத் தேச்சுப்புட்டாரு,” என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

கூட்டத்துக்குக் குறைவில்லை. இந்த நன்னாளுக்காக, தேயிலை அரைக்கும் ஸ்டோரில் இரவு வேலை முடித்தவர்களையும் டொக்டரையா வரவழைத்திருந்தார். பின்வரிசையில் செல்லசாமி, தலைமுடியெல்லாம் தேயிலைத் தூளோடு, நின்றவாக்கிலேயே தூங்கிக்கொண்டிருந்தான்.

நாகலெட்சுமி புருஷனின் முதுகை விரலால் குத்தினாள். “மனுவைக் குடுங்க. இன்னைக்கு விட்டா தொரை அடுத்த மாசந்தான் இந்தப் பக்கம் வருவாரு. புள்ளய நான் எங்க போடுறது?”

ஆண்டியப்பனின் கை இடுப்புக்குப் போனது. டொக்டரையா அந்தக் கையை அன்போடு பிடித்துக்கொண்டார்.

“அதெல்லாம் அப்புறம் பாப்போம். இப்ப நடையைப் பத்தி மட்டும் சொல்லு. சுகாதாரக் கேடயம் நம்ம தோட்டத்துக்குத்தான்.”

துரை குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். “ஒரு நாளும் விடுறது இல்லையா?”

“திங்கக்கெழம மட்டும் நடக்கிறதில்லீங்க தொரை. அன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் தூங்குவேனுங்க.”

டொக்டரையாவுக்குச் சிலிர்த்தது. “பாத்தீங்களா துரை? வாரத்துல ஒரு நாள் தசைகளுக்கு ஓய்வு. நான் சொல்லிக் குடுக்கவே இல்லை. தானாவே விஞ்ஞானம் வந்திருக்கு.”

துரை அதையும் எழுதினார். எழுதி முடித்தவர் நிமிர்ந்து பார்த்தார். “லீவு நாள் ஞாயிறு. நீ ஏன் திங்கள்ல தூங்குற?”

ஆண்டியப்பன் டொக்டரையாவைப் பார்த்தான். அவர் கண்ணாலேயே விஞ்ஞானத்தை ஊட்டிக்கொண்டிருந்தார். திரும்பி நாகலெட்சுமியைப் பார்த்தான். அவள் இரண்டு கைகளாலும் வயிற்றைத் தாங்கியபடி நின்றாள். இடுப்பிலிருந்த மனு தூறலில் ஊறி, எழுத்தெல்லாம் கரைந்து வேட்டியில் நீலமாக இறங்கியிருந்தது. இனி அதை நீட்டியும் பயனில்லை.

“ஞாயித்துக்கெழம கொழுந்து எடுக்கிறதில்லீங்களே தொரை,” என்றான். “அதனால அன்னைக்கு ராத்திரி ஸ்டோரு ஓடாதுங்க.”

“ஸ்டோருக்கும் உன் நடைக்கும் என்னடா சம்பந்தம்?” என்றார் டொக்டரையா.

“அன்னைக்குச் செல்லசாமி கோயில் திண்ணைல படுத்துக்குவானுங்க. மத்த நாள்ல, நாலு மணிக்கு அவன் வேலை முடிஞ்சு வந்து என் பாய்ல படுக்கணுங்க.”