ஏழாம் லெவலின் குழிகள்

கத்தியை அட்டையிலிருந்து எடுக்கும்போதுதான் போன் அடித்தது.

மாமியார். கோபியில் ஊர் வீட்டிலிருந்து.

"கண்ணு, கிரகணம் புடிச்சு அரை மணி நேரம் ஆச்சு. வெளிய கிளிய வந்துறாத. கத்தி, கத்திரி எதையும் கையில தொட்டுறாத சாமி. விட்டுப் போற வரைக்கும் பச்சத் தண்ணி கூட வேண்டாம். பேசாமப் படுத்திரு."

"செரிங்கத்தை" என்றாள்.

கத்தி இன்னும் விரலிடுக்கில்தான் இருந்தது.

கட்டிலின் மேல், மடக்கு மேசையில் ஏழாம் லெவல் விரிந்து கிடந்தது. சின்ன வயதில் அண்ணனோடு அடித்துப் பிடித்து ஆடிய கம்ப்யூட்டர் கேம். ஒரு குள்ளன் ஓடுவான், தாவுவான், குழியில் விழுந்தால் செத்தான். அவ்வளவுதான் கதை. குளியலுக்குத் தவிரக் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அந்த விளையாட்டின் வரைபடங்களை அச்செடுத்து, காலி பேனா ரீஃபிலால் மடிப்புக் கோடுகளைக் கீறி, மடித்து, ஒட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தாள். மரம், பாலம், கோட்டை எல்லாம் விரல் உயரத்துக்கு. முடிந்த லெவல்கள் அலமாரி மேல் நின்றன.

ஏழாம் லெவலில் தரையைவிடக் குழிதான் அதிகம். வேறு யாராவது என்றால் கறுப்புத் தாளை ஒட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அவளுக்கு அது ஏமாற்று வேலை. குழி என்றால் குழியாக இருக்க வேண்டாமா? காலையிலிருந்து அட்டையில் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

கிரகணமாவது மண்ணாவது. பள்ளிக்கூடத்தில் டார்ச்சையும் பந்தையும் வைத்துப் பிள்ளைகளுக்குக் கிரகணம் நடத்துகிற டீச்சர் அவள்.

கத்தியை மூடி வைத்தாள்.

வயிற்றில் கை வைத்தாள்.

சும்மாதான் வைத்தாள்.

கடைசியாக எப்போது அசைந்தது?

காலையில் காப்பி குடித்ததும் ஒரு உதை. குளிக்கும்போது ஒன்று. அதற்குப் பிறகு? வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லையோ என்னவோ. முதல் குழியை வெட்டியபோது அசைந்ததா? நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை.

ஜன்னலுக்கு வெளியே வெயில் சோகை பிடித்த மாதிரி வெளுத்திருந்தது. காக்கை கூடக் கத்தவில்லை.

போன முறை ஐந்தாம் மாதம். அப்போதும் வலி என்று ஒன்றும் இல்லை. வயிறு சும்மா இருந்தது. அவளும் சும்மா இருந்துவிட்டாள்.

இது எட்டாம் மாதம்.

அசைவு குறைந்தால் இனிப்பாக ஏதாவது குடித்துவிட்டு இடப்பக்கம் சாய்ந்து படுக்க வேண்டும், அப்படியும் அசையவில்லை என்றால் உடனே வந்துவிட வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அத்தையோ பச்சைத் தண்ணீர் கூடாது என்கிறார். திராட்சை ஜூஸ் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. குடித்தால் ஒரு பயம். குடிக்காவிட்டால் ஒரு பயம்.

குடித்தாள்.

படுத்தாள்.

"டேய் தங்கம்" என்றாள். "ஒரே ஒரு தடவ."

ஒன்றுமில்லை.

தலைமாட்டில் வெட்டியெடுத்த துண்டுகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. அவளுக்கே தெரியவில்லை, எப்போது எழுந்து உட்கார்ந்தாள் என்று. ஒரு துண்டை எடுத்தாள். அதன் குழி எது என்று தேடிப் பொருத்தினாள். விளிம்பில் பசை தடவினாள். அழுத்திப் பிடித்தாள்.

அடுத்தது.

பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். கை நிற்கவில்லை.

மூன்று குழிகளை அடைத்த பிறகும் வயிறு கல்லாகத்தான் இருந்தது. அப்போதுதான் ஆபீஸிலிருந்த கணவன் தரணிக்குப் போன் போட்டாள். "அசையல" என்றாள். "இதோ வந்துட்டேன்" என்றான்.

வந்துவிட்டான். ஆபீஸ் அடையாள அட்டை கழுத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது. அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அத்தை சொன்னது, கத்தி, குழிகள், ஜூஸ். சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். திட்டினாலும் தேவலை. போன கிரகணத்துக்கு, "ராகு நம்ம அபார்ட்மெண்டுக்கு வழி கேட்டுட்டு வருவானாக்கும்!" என்று சிரித்து, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன்.

சிரிக்கவில்லை.

"கார் சொல்லிட்டேன். ஆஸ்பத்திரிக்கும் சொல்லியாச்சு. செருப்பப் போடு" என்றான்.

அவள் நைட்டிக்கு மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டாள். சுவரைப் பிடித்தபடி வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள். கதவைத் திறந்தாள். வராந்தாவில் வெளிச்சம் இன்னும் நோயாளியாகத்தான் இருந்தது. கிரகணம் விடவில்லை. விடட்டும், விடாமல் போகட்டும். படியில் கால் வைத்தே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் கீழே கார் ஹாரன் அடித்தது.

"தரணி!"

மறுபடி ஹாரன்.

திரும்பிப் பார்த்தாள். படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. மேசையில் குழிகள் எல்லாம் அடைபட்டிருந்தன, ஒன்றைத் தவிர. கோணல் மாணலாக, பசை வழிய. முதல் மூன்றைத் தவிர எதுவும் அவள் ஒட்டியதல்ல.

தரணி கட்டிலருகே மண்டியிட்டிருந்தான். இரண்டு கைகளாலும் தரையைத் துழாவிக்கொண்டிருந்தான். போர்வையை உதறினான். தலையணையைப் புரட்டினான். மறுபடி குனிந்தான்.

இந்த வீட்டில் பயப்படாத ஆள் ஒருவராவது இருக்கிறார் என்றுதான் இதுவரை அவள் தைரியமாக இருந்தாள்.

"கார் வந்துருச்சு, வா" என்றாள்.

அவன் நிமிர்ந்தான். விரலெல்லாம் பசை ஒட்டியிருந்தது.

"ஒண்ணு குறையுது" என்றான். "எங்க போட்ட?"