நூலா, கத்தியா?

"எதைப் பண்ணினா ஆயுசுக்கும் அவிழாது? அதை மட்டும் சொல்லுங்க."

நாற்காலியில் சரியாக உட்காரக்கூட இல்லை, அதற்குள் கேட்டாள் ஹேரினின் அம்மா. பக்கத்தில் ஹேரின் தலையைக் குனிந்தபடி, பார்லி டீ இருந்த காகிதக் கப்பின் விளிம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

கல்லூரி நுழைவுத் தேர்வு முடிந்த வாரம். ஹால் டிக்கெட்டைக் காட்டினால் தள்ளுபடி என்று எங்கள் சியோல் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரி விடாமல் போர்டு மாட்டியிருக்கும். மடிப்பு இல்லாத இமையில் மடிப்பு வைப்பதுதான் எங்கள் பிழைப்பு. டாக்டரைப் பார்க்கும் முன் எல்லோரும் என்னிடம் வர வேண்டும். எந்த முறை எத்தனை வருஷம் தாங்கும் என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன்.

"மூணு வழி இருக்கும்மா. நூல் போட்டுக் கட்டுறது ஒண்ணு. சிலருக்குப் பத்து வருஷம்கூட நிக்கும், சிலருக்கு ரெண்டே வருஷத்துல தளர்ந்துடும். பிடிக்கலைன்னா நூலை எடுத்துடலாம். கொஞ்சமா கீறி வைக்கிறது இன்னும் நாள்படத் தாங்கும். முழுசா வெட்டித் தைக்கிறது…"

"ஆங், அது எவ்வளவு நாள்?"

"அநேகமா ஆயுசுக்கும். ஆனா வெட்டினா வெட்டினதுதான். பழைய கண்ணு திரும்ப வராது."

"அதையே பண்ணிடுங்க."

"எனக்கு வேண்டாம்னு சொன்னேன்லம்மா?" என்றாள் ஹேரின்.

"வாயை மூடு. இந்தக் கண்ணோட போட்டோ ஒட்டி அனுப்பினா எவன் வேலை குடுப்பான்? தூங்கி எழுந்த மூஞ்சி!"

பெற்ற பெண்ணை மூன்றாம் மனுஷி எதிரில் இப்படியா பேசுவது? எனக்கே கூசியது.

மெல்லிய கம்பியால் ஹேரினின் இமையை அழுத்தி, மடிப்பு எப்படி விழும் என்று காட்டினேன். கையில் கண்ணாடியைக் கொடுத்தேன். இந்த இடத்தில் எல்லாப் பெண்களும் "ஐ!" என்று சிரிப்பார்கள். இவளுக்கு உதடு துடித்தது.

"இது அப்பா இல்லைக்கா."

"என்னம்மா சொல்றே?"

"என் கண்ணு அச்சு அசல் அப்பா கண்ணுன்னு பெரியம்மா சொல்லுவாங்க. எனக்கு மூணு வயசுல வீட்ல தீப்பிடிச்சுது. அப்பாதான் என்னைத் தூக்கிட்டு வந்து வெளியில விட்டார். அண்ணனைக் கூட்டிட்டு வர்றேன்னு மறுபடி உள்ளே போனவர், வரவே இல்லை. ரெண்டு பேருமே போயிட்டாங்க. ஒரு போட்டோகூட மிஞ்சலை. கண்ணாடி பார்த்தாத்தான்க்கா எனக்கு அப்பா."

எப்பேர்ப்பட்ட மனுஷன்! அந்த அம்மாவோ சுவரில் ஒட்டியிருந்த கண் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற மனம் பித்து என்பார்கள். இங்கே பெற்ற மனம்தான் கல்லாக இருந்தது.

"அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. இப்போதைக்கு நூல் போடலாம். அவளுக்கு மனசு ஆறலைன்னா எடுத்துடலாம்."

"நூல்னா சரிக்கா," என்றாள் ஹேரின் அவசரமாக.

"நூல் வேண்டாம். கழண்டுடும்."

"கழண்டா என்னம்மா? அவளோட பழைய கண்ணுதானே வரப்போகுது?"

"அது வரவே கூடாது."

ஹேரின் எழுந்துவிட்டாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"சரி, வெட்டு. உன் ஆசை தீர வெட்டு. ஆனா இனி செத்தாலும் உன்னை அம்மான்னு கூப்பிட மாட்டேன்."

"கூப்பிடாதே. போய் ஆபரேஷனுக்கான போட்டோ எடுத்துட்டு வா."

அந்தப் பெண் அழுதுகொண்டே பக்கத்து அறைக்குப் போனாள். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. வேலை போனால் போகிறது என்று கேட்டே விட்டேன்.

"நீங்கல்லாம் ஒரு தாயா? பிள்ளைங்களுக்காக உயிரையே குடுத்த மனுஷன் மேல அப்படி என்ன பொறாமை? அவர் ஞாபகமா மிச்சம் இருக்கிறது அந்தக் கண்ணு ஒண்ணுதான். அதையும் அறுத்துப் போட்டாத்தான் உங்க வயிறு குளிருமா? இந்தப் பாவத்துல எனக்குப் பங்கு வேண்டாம். வேற ஆஸ்பத்திரி பாருங்க."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். எழுந்து போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அவளுக்குக் கேட்காதே?"

"கேட்காது. சொல்லுங்க."

"அவளைத் தூக்கிட்டு வெளிய வந்தது நான். பையன் உள்ளறையில தூங்கிட்டிருந்தான். எனக்கு ரெண்டு கைதானே மேடம்? அவன்கிட்ட போறதுக்குள்ள கூரை இறங்கிடுச்சு."

"அப்போ… அவ அப்பா?"

"தீ வெச்சதே அவன்தான்."

அவள் குரலை இன்னும் தாழ்த்தினாள்.

"அப்பன் நல்லவன்னு நினைச்சாவது இவ நிம்மதியா வளரட்டும்னு நான்தான் கதை கட்டினேன். 'ஒண்ணு தப்பிச்சிடுச்சு, அதையும் விட மாட்டேன். அது என் கண்ணு, எந்தக் கூட்டத்துல ஒளிச்சு வெச்சாலும் கண்டுபிடிச்சுடுவேன்'னு கோர்ட்லயே என்னைப் பார்த்துச் சொன்னான். நான் ஊரை மாத்திட்டேன், எங்க ரெண்டு பேர் பேரையும் மாத்திட்டேன். வர்ற வசந்தத்துல அவன் ஜெயில்லேர்ந்து வெளிய வர்றான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்ப நீங்களே சொல்லுங்க மேடம், நூலை நம்பலாமா?"