மாஸ்டர் பையன்

“உங்க முகத்துல முழிக்கவே எனக்குக் கூச்சமா இருக்கு மாஸ்டர்” என்றான் வந்தவன். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கடற்படைத் தொப்பியை மடியில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தான். மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. மாஸ்டரின் மகனுக்கும் அதே வயதுதான்.

நீச்சல் மாஸ்டர் தலை நிமிரவில்லை. நகராட்சிக் குளத்தில் ஊரில் பாதிப் பேருக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவர் அவர். மகன் போன போர்க்கப்பல் மூழ்கிய செய்தி வந்ததிலிருந்து, வீடு தேடி வந்தவர்கள் எல்லாரும் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள். மாஸ்டர் பையனைத் தண்ணீர் என்ன செய்துவிடும், எங்கேயாவது கரை ஏறியிருப்பான் என்றார்கள். கேட்கக் கேட்க அவர் கூனிக் குறுகிப் போனார். ஊர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டது.

வந்தவன் திக்கித் திணறிச் சொன்னான். குண்டு விழுந்தபோது இவன் கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்தானாம். பதறியடித்து மேலே வந்தவனிடம் லைஃப் ஜாக்கெட் இல்லை. நீச்சலும் அரைகுறை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதானாம்.

“உங்க பையன் தன்னோடதைக் கழட்டி எனக்கு மாட்டிவிட்டான். குளிர்ல அவன் கையெல்லாம் நடுங்கிச்சு. ‘நான் மாஸ்டர் பையன்டா, எனக்கு எதுக்கு இது’ன்னு சிரிச்சான். ஒரு பேச்சுக்குக்கூட நான் வேண்டாம்னு சொல்லல மாஸ்டர். அதுதான் என்னை அரிச்சுக்கிட்டே இருக்கு.”

கப்பலில் அவனுக்குப் பெயரே குட்டி மாஸ்டர்தானாம்.

போர் வந்ததும், மாஸ்டர் பையன் கடற்படையில் சேராமல் வேறெங்கே சேர்வான் என்று ஊரே பேசியது. ஆள் எடுக்க வந்த அதிகாரியும் இவரிடம் நீந்தப் பழகியவர். உங்கள் பையனுக்குப் போய் நீச்சல் சோதனை வைப்பதா என்று முதுகில் தட்டி அழைத்துப் போய்விட்டார். ஒரு வார்த்தை சொல்லித் தடுத்திருக்கலாம். மாஸ்டர் சொல்லவில்லை. அந்த வெட்கம்தான் இப்போது அவரைத் தின்றது.

“அவன் நீந்திக் கரை சேர்ந்திருப்பான் இல்ல, மாஸ்டர்? நீங்க சொன்னா நம்புறேன். இல்லேன்னா எனக்கு ஜென்மத்துக்கும் தூக்கம் வராது.”

மனைவி உள்ளறை வாசலில் வந்து நின்று அவர் வாயையே பார்த்தாள். மாஸ்டர் முதல் தடவையாக வந்தவனின் முகத்தைப் பார்த்தார்.

“சேர்ந்திருப்பான்பா. என் பையனாச்சே. நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காதே.”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பினான். படி இறங்கும்போது நடையில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

“சின்ன வயசுல குளத்துல தூக்கிப் போட்டீங்க. அப்புறம் முழங்கால் அளவு தண்ணியிலகூட அவன் இறங்கினதில்ல. மாஸ்டர் பையனுக்கு நீச்சல் தெரியாதுன்னு வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு அவன் வாயை அடைச்சீங்க” என்றாள். “கடைசி வரைக்கும் உங்க மானத்தைக் காப்பாத்திட்டான்.”