உள்ளே வராத டாக்டர்

"கேட்டைத் திறந்துதானே வெச்சிருக்கேன்? உள்ள வந்தா என்னவாம்?"

தொழுவத்திலிருந்து பண்ணைக்கார அம்மா போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. கால்நடை டாக்டர் உள்ளே வரவில்லை. வெளியிலாவது ஓர் இடத்தில் நின்றாரா என்றால் அதுவும் இல்லை. மதிலோரமாக இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

"நான் வர முடியாதுன்னு எத்தனை தடவை சொல்றது? காலையிலேருந்து நான் பார்த்த பண்ணை எல்லாத்துலயும் கோமாரி. மாட்டுக்கு வாயெல்லாம் புண்ணு, குளம்பெல்லாம் புண்ணு. இந்தச் சுத்து வட்டாரத்துல நோய் வராத தொழுவம் உங்களோடது ஒண்ணுதான். அதையும் நானே கெடுக்கணுமா?"

"குளிச்சுட்டு, துணி மாத்திட்டு வாங்களேன். சோப்புக்கா பஞ்சம்?"

"குளிச்சா மேலுக்குத்தான் போகும். மூக்குலயும் தொண்டையிலயும் கிருமி உட்கார்ந்திருக்கும். நான் விடற மூச்சு போதும், உங்க மாடு அத்தனையும் படுத்துடும்."

"அப்ப வேற டாக்டரை அனுப்புங்க!"

"எல்லாரும் நோய்ப் பண்ணையிலதான் கிடக்கோம். யார் வந்தாலும் இதே கதைதான்."

அந்த அம்மாவுக்கு அழுகை முட்டியது. பசு விடியலிலிருந்து முக்கிக்கொண்டிருக்கிறது. கன்றின் மூக்கும் ஒரு காலும் தெரிகின்றன. இன்னொரு கால் உள்ளே மடங்கிக் கிடக்கிறது. பத்து வீட்டு மாட்டைத் தொடுகிறவர் என்று கறவைக்காரரையும் இதே டாக்டர்தான் நிறுத்தச் சொல்லியிருந்தார். இப்போது கைக்கு உதவ ஆளில்லை.

"வாயில்லாத ஜீவன் உயிருக்குப் போராடுது. நீங்க வெளிய நின்னு பாடம் எடுக்கறீங்க. இதுக்கா அத்தனை வருஷம் படிச்சீங்க? மனசா, கல்லா?"

கேட்டின் கம்பியைப் பிடிக்கப் போன டாக்டரின் கை பாதியிலேயே நின்றது. தொட்டால் அதற்கும் மருந்து அடிக்க வேண்டும். சட்டைப்பையில் போன் அடித்தது. அடுத்த பண்ணை கூப்பிடுகிறது. எடுக்காமலே அதை அணைத்தார்.

"நீங்களே எடுங்க. நான் சொல்றேன்."

"நானா? ஐயையோ!"

"வேற வழியில்லை. விட்டா ரெண்டு உயிரும் போயிடும். தோள் வரைக்கும் சோப்பு போடுங்க. மாடு முக்கறப்ப கையை அசைக்காதீங்க. முக்கல் நின்னதும் கன்னோட தலையை உள்ள தள்ளுங்க."

"வெளிய எடுக்க வழி கேட்டா உள்ள தள்ளச் சொல்றீங்களே!"

"கால் நிமிர இடம் வேணாமா? தள்ளுங்க!"

அந்த அம்மா சாபம் போட்டுக்கொண்டே கையை உள்ளே விட்டார். சாபம் கிருமிக்கா டாக்டருக்கா என்று தெளிவாகக் கேட்கவில்லை.

"முட்டி தட்டுப்படுதா?"

"இருங்க... இருக்கு! இருக்கு!"

"அதைப் பிடிச்சுக்கிட்டே கீழ போங்க. குளம்பு கிடைச்சதும் உள்ளங்கையால பொத்திக்கோங்க. இல்லேன்னா கருப்பையைக் கிழிச்சுடும். மெதுவா முன்னால கொண்டு வாங்க."

அதன் பிறகு தொழுவத்தில் பேச்சே இல்லை. டாக்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. நுனிக்காலில் நின்று எட்டிப் பார்த்தார்.

"என்னாச்சு? ஏதாவது பேசுங்களேன்!"

"கை மரத்துப்போச்சு... வந்துடுச்சு! ரெண்டு காலும் வந்துடுச்சு!"

"கயிறு போடுங்க. முக்கறப்ப மட்டும் இழுங்க. கீழ்ப்பக்கமா!"

அந்த அம்மா பல்லைக் கடித்து இழுத்தார். மறுபடி இழுத்தார். மூன்றாவது இழுப்பில் கன்றும் அவரும் சேர்ந்தே தரையில் விழுந்தார்கள்.

"மூச்சைக் காணோமே, டாக்டர்!"

"மூக்கைத் துடைங்க! ஒரு வைக்கோலை எடுத்து மூக்குக்குள்ள விட்டுக் குடைங்க! நல்லா குடைங்க!"

கன்று ஒரு முறை உடம்பைச் சிலிர்த்தது. பிறகு தலையை உதறி இருமியது. பசு திரும்பி அதை நக்க ஆரம்பித்ததும் அந்த அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். வெளியே டாக்டர், தெரு என்றும் பாராமல் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கையையும் காலையும் தேய்த்துக் கழுவிக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குள் போனார். வேறு புடவையில், கையில் துண்டு சுற்றிய ஒரு பொதியோடு திரும்பி வந்து, கேட்டுக்கு வெகு தூரத்திலேயே நின்றுகொண்டார். கோபமெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

"ஏதோ ஆத்திரத்துல கண்டபடி பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க, மாப்பிள்ளை."

"அதெல்லாம் ஒண்ணுமில்லை, அத்தை. கிட்ட வராதீங்க. அங்கேயே நில்லுங்க. துண்டை மட்டும் கொஞ்சம் விலக்குங்க."

அத்தை துண்டை விலக்கிக் கைகளை உயர்த்திக் காட்ட, இதுவரை போனில் மட்டுமே பார்த்திருந்த தன் பச்சிளம் மகளை, தெருவில் நின்றபடியே கண் நிறையப் பார்த்தார் டாக்டர்.