பாதிக் கடல்

புதுக் கோட்டும் சவரம் செய்த முகமுமாகக் கிலியன் மாவு மில்லுக்குள் நுழைந்ததும், "மாப்பிள்ளை வந்தாச்சு, பாதிரியாரக் கூப்பிடுங்க" என்று யாரோ கிண்டலடித்தார்கள். கிலியன் சிரிக்கவில்லை. சாட்சி சொல்ல வந்திருந்தான்.

மலைக்கு இப்பால் கோர்ட் கிடையாது. மாஜிஸ்திரேட் வரும் நாளில் மில்தான் கோர்ட். மாவுப் பீப்பாய்க்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருக்க, எதிரே அப்போலோனியா மகளின் கையைப் பிடித்தபடி நின்றாள்.

ஜெர்மனியிலிருந்து இந்தப் புது நாட்டுக்குக் கப்பல் கூலிக்கு வழியில்லாமல் வந்தவர்களை, அந்தக் கூலிக்காகச் சில வருஷ உழைப்புக்குப் பண்ணைகளுக்கு விற்றுவிடுவார்கள். பாதிக் கடல் தாண்டியபின் புருஷன் செத்தால், அவன் கூலிக்கும் சேர்த்து மனைவி உழைக்க வேண்டும். தாண்டுமுன் செத்தால் வேண்டாம்.

அப்போலோனியா தன் வருஷங்களை முடித்துவிட்டாள். செத்துப்போன புருஷன் வெல்டனின் வருஷங்களையும் கேட்டார் பண்ணைக்காரர் மெக்கார்டில். பாதிக்கு முன்னாலேயே வெல்டன் போய்விட்டார் என்று அவள் சாதித்தாள்.

கிலியன் அதே கப்பலில் வந்தவன். பக்கத்துப் பண்ணையில் தன் காலத்தை முடித்து, விடுதலையாகும்போது தரும் புதுக் கோட்டு, கோடரி இரண்டையும் வாங்கிக்கொண்டு, ஓடைக்கரையில் மரவீடு கட்டியிருந்தான். ஒற்றை ஆளுக்கு எதற்கு இரண்டு அறை என்பதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

பைபிளின் மேல் கை வைத்தான். பாதி தாண்டியதற்கு மாலுமிகள் மணியடித்தார்களே, அன்று வெல்டன் உயிரோடு இருந்தாரா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

கிலியன் அவளைப் பார்த்தான். ஒரே ஒரு பொய் போதும். ஆனால் கை பைபிளின் மேல் இருந்தது.

"இருந்தார் ஐயா. காய்ச்சல்ல போர்வையப் போத்திப் படுத்திருந்தார். பாதி தாண்டியாச்சு வெல்டன்னு குரல் கொடுத்தேன். தூங்குறார், எழுப்பாதேன்னு இவ சொன்னா. அதுக்கப்புறமும் தினம் அவர் பங்கு ரொட்டிய வாங்கிட்டுப் போனா."

மனசு கேட்காமல், அவள் குடும்பத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவள் என்றும் சேர்த்துக்கொண்டான். கப்பலில் மற்றக் குழந்தைகளெல்லாம் பசியில் போய்ச்சேர, இவள் மகள் மட்டும் பிழைத்தாளே என்றான்.

அதற்குமேல் விசாரிக்க எதுவும் இல்லை. வெல்டனின் வருஷங்களும் அவள் தலையில் விழுந்தன.

வெளியே மெக்கார்டில் சிறுமியை வண்டியில் ஏற்றினார். கிலியன் அப்போலோனியாவின் அருகே வந்தான்.

"சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்ல முடியல. என் கண்ணால பார்த்தேனே."

"நீ போர்வையத்தான் பார்த்த" என்றாள். குரலில் கோபம் இல்லை.

அவனுக்குப் புரிய நேரமாயிற்று. "அப்போ... ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

வண்டியில் இருந்த மகளுக்குக் கேட்காதபடி அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"சொல்லியிருந்தா, மறுநாள்லேர்ந்து அவர் பங்கு ரொட்டி வந்திருக்காது, கிலியன்."